பந்தய ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்குள் ஹெட்-அப் டிஸ்பிளே: தேவையா, சாத்தியமா?

(பலர் எழுதிய விவாதம் இது; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

முதல் வளைவு:

போர் விமானங்களில் பல பத்தாண்டுகளாகப் பழகிப்போன ஹெட்-அப் டிஸ்பிளே, அதாவது தலை குனியாமலே தகவலைக் கண்ணெதிரே காட்டும் தொழில்நுட்பம், பந்தயக் களத்துக்குள் ஏன் இன்னும் முறையாக நுழையவில்லை என்ற கேள்வி வெகுநாளாக என்னை விடாமல் இருக்கிறது. எஃப்-35 விமானத்தில் விமானியின் முன்னால் வழக்கமான ஹெட்-அப் டிஸ்பிளே கண்ணாடியே கிடையாது. வேகமும் உயரமும் இலக்கும் ஹெல்மெட்டின் ஒளிபுகும் முன்மறைப்பான வைசரிலேயே தெரிகின்றன. சாலைக் கார்களுக்கும் இது புதிதன்று. 1988-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் பேஸ் காராக ஓடிய ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீமில் வேகத்தைக் கண்ணாடியில் காட்டும் அமைப்பு இருந்தது. பந்தயத்தை வழிநடத்திய காரில் இருந்த வசதி, பின்னால் வந்த பந்தயக் கார்களுக்கு இன்றளவும் கிடைக்கவில்லை.

மணிக்கு 300 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 83 மீட்டர். ஸ்டீயரிங்கில் உள்ள திரையைப் பார்த்துவிட்டுப் பார்வையை மீண்டும் தடத்துக்குக் கொண்டுவர அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், கார் 40 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஃபார்முலா 1 கார் நீண்ட நேர்தடத்தின் முடிவில் வேகத்தை அடக்க எடுத்துக்கொள்ளும் தூரமே ஏறக்குறைய 100 மீட்டர்தான் என்னும்போது, இந்த 40 மீட்டர் சிறிய தொகையன்று. கியர் எண், முந்தைய சுற்றோடு ஒப்பிட்ட நேர வேறுபாடு, டயரின் வெப்பம், கொடி எச்சரிக்கை ஆகிய நான்கையும் கண் எதிரிலேயே காட்டிவிட்டால் ஓட்டுநர் தலை குனிய வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். இதில் நான் கவனிக்கத் தவறியது என்ன என்று துறை தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஒளிக்கோணம்:

ஒளியியல் சார்ந்த வேலையில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காரின் முன்கண்ணாடியில் விழும் பிம்பம் காரோடு பிணைந்தது. ஹெல்மெட்டுக்குள் தெரியும் பிம்பம் தலையோடு பிணைந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு சிக்கல்களைக் கொண்டவை.

கண்ணிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டரில் இருக்கும் வைசரின்மேல் ஓர் எண்ணை எழுதினால் அதை யாராலும் படிக்க முடியாது. வைசரில் மோதி ஒட்டிக்கொண்ட பூச்சி எப்படி உருவமற்ற கறையாக மட்டும் தெரிகிறதோ, அந்த எண்ணும் அப்படித்தான் தெரியும். ஆகவே நுண்திரையிலிருந்து வரும் ஒளியை வில்லைகளின் வழியே செலுத்தி, கதிர்களை ஏறத்தாழ இணையாக்கி, பிம்பம் வெகுதொலைவில் மிதப்பதுபோல் கண்ணை நம்பவைக்க வேண்டும். அதன்பிறகு அந்தக் கதிர்களைப் பாதி ஒளி கடத்தும் ஒரு கண்ணாடித் துண்டின் மூலம் கண்ணுக்குள் திருப்ப வேண்டும். அப்படிச் செய்யும்போது கண் எங்கே இருந்தாலும் பிம்பம் தெரிந்துவிடாது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு இடத்துக்குள் கண்மணி இருந்தால் மட்டுமே தெரியும். அந்த இடத்தைப் பெரிதாக்க முயன்றால் கண்ணாடியும் வில்லையும் பருத்துக்கொண்டே போகும்.

அடுத்தது வெளிச்சம். வெயில்பட்ட வெண்மேகத்தின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 30,000 கேண்டெலா வரை போகக்கூடும். அந்தப் பின்னணியின்மேல் ஓர் எண் படிக்கும்படி தெரிய வேண்டுமானால், பின்னணியைவிடக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது அதிகமாக, அதாவது 6,000 கேண்டெலாவாவது, எண்ணிலிருந்து கண்ணை எட்ட வேண்டும். கண்ணாடித் துண்டு பத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் கண்பக்கம் திருப்புகிறது என்றால், திரை 60,000 கேண்டெலாவில் எரிய வேண்டியிருக்கும். அதே ஓட்டுநர் அடுத்த கணம் மொனாக்கோவின் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், அந்த வெளிச்சமே அவர் கண்ணைக் கூசச் செய்துவிடும். எஃப்-35 ஹெல்மெட்டிலேயே இது நேர்ந்தது. இரவில் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது திரையின் பின்னொளி கசிந்து பச்சையான மூட்டமாகப் பரவியதால், கப்பலின் விளக்குகளைக் காண்பது விமானிகளுக்குக் கடினமாயிற்று. திரையின் வகையையே, பின்னொளி தேவைப்படாத ஓஎல்இடி-க்கு மாற்றித்தான் அதைச் சரிசெய்தார்கள். ஒரு ஹெல்மெட்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் டாலர் செலவிடும் இடத்திலேயே நிலைமை அது.

இரு சக்கரம்:

நான் போட்டியாளன் அல்லன். பந்தயத் தடத்தை மற்றவர்களுக்கும் திறந்துவிடும் டிராக் நாட்களில் மட்டும் பைக் ஓட்டுபவன். சந்தையில் விற்ற ஒரு ஹெட்-அப் கருவியைச் சில முறை பயன்படுத்திப் பார்த்தேன். அதைத் தயாரித்தவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. வலது கண்ணின் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு வரும். அதில் வேகமும் கியரும் தெரியும்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது பிம்பம் மிகத் தெளிவாக இருந்தது. டிராக்கின் நேர்தடத்தில் டேங்கின்மேல் குனிந்து படுத்த உடனே அது காணாமற்போனது. காரணம் எளியது. குனிந்து படுக்கும்போது நாம் வைசரின் மேல்விளிம்பு வழியாகப் புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறோம். கண்ணாடித் துண்டோ கீழ்விளிம்பில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் தடத்திலிருந்து கண்ணை முழுவதுமாகக் கீழே இறக்க வேண்டும். பைக்கின் மீட்டரைப் பார்க்கவும் அதையேதான் செய்கிறோம். பிரேக் பிடித்து நிமிரும்போது காற்று ஹெல்மெட்டை ஒரு நூலளவு மேலே தூக்கும். அப்போது 4 என்ற எண்ணின் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது 4-ஆ, 1-ஆ, 7-ஆ என்று கண்டுபிடிக்க மனம் முயன்றுகொண்டிருக்கும்போதே திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது. மூன்றாவது முறை டிராக்குக்குப் போனபோது நானே அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

பைக் ஹெல்மெட்டுகளில் இந்த முயற்சி பலரும் அறிந்ததே. ஸ்கல்லி ஏஆர்-1 என்ற ஹெல்மெட்டுக்கு 2014-இல் கூட்டு நிதியாக இருபது லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2016-இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அதே 2016-இன் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ ஒரு மாதிரி ஹெல்மெட்டைக் காட்சிக்கு வைத்தது. 2023-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்ததோ ஹெல்மெட்டுக்குள் அணியும் மூக்குக்கண்ணாடி. ஹெல்மெட்டின் உடலைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்ட அந்த முடிவு எனக்குப் பொருளுள்ளதாகத் தோன்றுகிறது.

ஒளிக்கோணம்:

நீங்கள் எழுதிய அந்த 4-இன் கால், நான் விட்டுவிட்ட இன்னொன்றை நினைவூட்டுகிறது. ஹெல்மெட் சிறிதும் நகராமல் இறுக்கமாக இருந்தாலும் அதிர்வில் எண் கலங்கித்தான் தெரியும்.

தலை ஆடும்போது, உள்காதின் சமநிலை உறுப்பு அந்த அசைவை உணர்ந்து, கண்களை எதிர்த்திசையில் அதே அளவு திருப்புகிறது. இது நம் விருப்பத்துக்குக் காத்திராத அனிச்சைச் செயல். இதனால்தான் நடந்துகொண்டே தெருப்பலகையைப் படிக்க முடிகிறது. பந்தய ஓட்டுநரின் தலை நொடிக்குப் பலமுறை அதிரும்போதும் வெளியே உள்ள தடம் அவருக்கு ஓரளவு நிலையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆனால் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பிம்பம் தலையோடு சேர்ந்து நகர்கிறது. கண்ணோ உலகத்தை நிலைநிறுத்துவதற்காகத் தலைக்கு எதிராக நகர்கிறது. ஆகவே உலகம் தெளிவாகவும் எண் இழுபட்டும் தெரியும். கண்ணைத் தடத்தில் வைத்திருக்க உதவுகிற அதே அனிச்சைச் செயல்தான் எண்ணைப் படிக்கவிடாமல் தடுக்கிறது.

2022-இல் ஃபார்முலா 1 கார்கள் நேர்தடங்களில் குதித்துக் குதித்து ஓடியதும், அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பந்தயத்தின் முடிவில் ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதும் நினைவிருக்கும். அந்தக் கார்களில் ஹெல்மெட்டுக்குள் எழுத்து ஓடியிருந்தால் அதைப் படிக்க முயல்வதே ஒரு தண்டனையாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். தலையின் அசைவை அளந்து பிம்பத்தை எதிர்த்திசையில் நகர்த்தித் திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் சில மில்லிநொடி தாமதமானாலும் கலக்கம் கூடுமே தவிரக் குறையாது.

புறஓடு:

ஹெல்மெட் சோதனையோடு தொடர்புள்ள பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். பிம்பம் தெரிகிறதா என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கண்ணாடித் துண்டு விபத்தில் எங்கே போகும்?

ஹெல்மெட்டின் உட்புறத்தில் தலையைத் தொடுவது எல்லாமே நசுங்கும் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. கண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் கடினமான ஒரு வில்லையையும் அதைப் பிடித்துநிற்கும் ஒரு கையையும் வைப்பது அந்த அடிப்படைக்கே முரணானது. 2009-இல் ஹங்கேரியில் முன்சென்ற காரிலிருந்து கழன்ற சுருள்வில் ஒன்று ஃபார்முலா 1 ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் இடது கண்ணுக்கு மேலே தாக்கியது. அதன்பிறகு 2011-இல் வைசரின் மேல்விளிம்பில் சைலான் என்னும் வலுவான செயற்கை இழைப் பட்டை ஒட்டுவது வந்தது. 8860-2018 என்ற, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரநிலையில் வைசர் திறப்பின் மேல்விளிம்பையே 10 மில்லிமீட்டர் கீழிறக்கினார்கள். நெற்றிப் பகுதியை மேலும் மேலும் வலுவாக்கிக்கொண்டே வந்த வரலாறு இது. டிஸ்பிளே கருவிக்கு இடம் தேடுபவர்கள் கைவைக்க நினைப்பதும் அதே நெற்றிப் பகுதியில்தான்.

எடையும் இருக்கிறது. ஃபார்முலா 1 ஹெல்மெட் ஏறத்தாழ 1.3 கிலோ. வளைவில் 5 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு, பக்கவிசை வரும்போது ஹெல்மெட்டுக்காக மட்டும் கழுத்து தாங்குவது ஆறரை கிலோ. அதில் 100 கிராம் கூட்டினால் ஒவ்வொரு வேக வளைவிலும் அரை கிலோ கூடுதலாகக் கழுத்தை இழுக்கும். அந்த 100 கிராம் நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஹெல்மெட் சுழலவும் முற்படும். அங்கீகாரம் பெற்ற ஹெல்மெட்டில் தாமாகத் துளையிட்டோ ஒட்டியோ மாற்றம் செய்தால் அந்த அங்கீகாரம் செல்லாது. இதைப் படிக்கும் இளைய கார்ட்டிங் ஓட்டுநர்கள் யாரும் ஆர்வத்தில் அப்படிச் செய்துவிட வேண்டாம் என்று உண்மையான கவலையோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வளைவு:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 2021 பெல்ஜியப் பந்தய வாரத்தின் பயிற்சி ஓட்டத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அலோன்சோவின் ஹெல்மெட்டுக்குள் ஒரு கேமரா வைத்து, அவர் கண் மட்டத்திலிருந்து தடம் எப்படித் தெரிகிறது என்று காட்டினார்கள். 2023-இல் ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் அனைவரும் அதை அணிய வேண்டும் என்றாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் மின்னணுக் கருவியே கூடாது என்றால் அது எப்படி முடிந்தது?

புறஓடு:

நியாயமான கேள்வி. அந்தக் கேமராவின் விட்டம் 8 மில்லிமீட்டர். எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. கன்னத்தின் பக்கவாட்டில் மெத்தைக்குள் புதைந்திருக்கும். கண்ணுக்கு எதிரே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. மின்கலமும் பரப்பும் கருவியும் ஹெல்மெட்டுக்கு வெளியே காரில் இருக்கின்றன. கேமரா ஒளியை வாங்குவது. அது எங்கே இருந்தாலும் வேலை செய்யும். டிஸ்பிளே ஒளியைக் கண்ணுக்குக் கொடுப்பது. ஆகவே கண்ணின் எதிரே வந்துதான் தீர வேண்டும். இரண்டு கிராமில், மெத்தைக்குள் புதைந்தபடியே, கண்ணுக்கு ஏதாவது சொல்லக்கூடிய ஒன்றை நீங்கள் வடிவமைத்தால் அதை எதிர்க்க என்னிடம் காரணம் இல்லை.

கொடிமேடை:

நான் தன்னார்வ மார்ஷல். பல ஆண்டுகளாகத் தடத்தின் ஓரத்தில், ஆபத்தை அறிவிக்கும் மஞ்சள் கொடி பிடித்து நிற்கிறேன். உங்கள் விவாதத்தில் நான்கு தகவல்களை ஒரே வரிசையில் அடுக்கியது எனக்கு உறுத்தியது. டயரின் வெப்பத்தை ஓட்டுநர் அரை நொடி தாமதமாக அறிந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. கொடியை அரை நொடி தாமதமாக அறிந்தால் தடத்தில் நிற்கும் எங்களுக்கு ஆகும்.

மேடையிலிருந்து பார்க்கும்போது வரும் ஹெல்மெட்டின் வைசரைத்தான் நாங்கள் கவனிப்போம். அதில் வானம் பிரதிபலிக்கும். ஓட்டுநரின் கண் தெரியாது. அவர் கொடியைப் பார்த்தாரா என்பதைக் காரின் இரைச்சல் இறங்குவதிலிருந்துதான் உணர முடியும். மாலைநேரத்தில் சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்த ஒரு நாளில், கவிழ்ந்த கார் ஒன்றை நோக்கி மூன்று பேர் ஓடிக்கொண்டிருக்க, நான் கொடியை இரு கைகளாலும் வீசிக்கொண்டிருந்தேன். வந்த கார் இரைச்சல் குறையாமலே எங்களைக் கடந்து போனது. அந்த ஓட்டுநர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார். எதிர்வெயிலில் கொடி கறுப்பாகத் தெரிந்ததாகவும், ஸ்டீயரிங்கில் விளக்கு எரிந்ததைக் கடந்துபோன பிறகே கண்டதாகவும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

2014-இல் ஜப்பானின் சுசூகா தடத்தில் ஜூல்ஸ் பியான்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதிய விபத்துக்குப் பிறகு 2015-இல் ஃபார்முலா 1-இல் மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை வந்தது. தடம் முழுவதும் யாரும் குறித்த நேரத்தைவிட வேகமாகப் போகக்கூடாது என்பது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் குறித்த நேரத்துக்கும் ஓட்டுநரின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கே காட்டப்படுகிறது என்று பாருங்கள்: ஸ்டீயரிங்கில். ஆபத்து இருக்கிறது என்று அறிவித்த அதே கணத்தில் ஓட்டுநரின் கண்ணைக் கீழே இழுக்கிறோம். ஹெல்மெட்டுக்குள் ஏதாவது வைக்க முடியுமானால், அது எங்கள் கொடியாக இருக்கட்டும். மற்றவை காத்திருக்கலாம்.

விதிநூல்:

பொறியியலைத் தாண்டி விதிமுறைச் சிக்கலும் இருக்கிறது. ஓட்டுநர் எவருடைய உதவியும் இன்றித் தாமே காரை ஓட்ட வேண்டும் என்பது ஃபார்முலா 1-இன் விளையாட்டு விதி. 2016 பிரிட்டிஷ் பந்தயத்தில் கியர்பாக்ஸ் கோளாறைச் சமாளிக்க ரேடியோவில் வழி சொல்லப்பட்டதற்காக ஓட்டுநர் ரோஸ்பெர்குக்கு 10 நொடி தண்டனை கிடைத்து, இரண்டாமிடம் மூன்றாமிடமானது. அந்தக் கட்டுப்பாடு அதே மாதத்தில் தளர்த்தப்பட்டது என்றாலும், உதவிக்கும் தகவலுக்கும் இடையே கோடு போடுவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டிவிட்டது. கண்முன்னே பிரேக் புள்ளியை ஒளிரச் செய்தால் அது தகவலா, ஓட்டுநரின் திறமைக்குப் பதிலாக நிற்கும் ஊன்றுகோலா? என்னைக் கேட்டால் ஊன்றுகோல்தான். பிரேக் புள்ளியைத் தானே கண்டுபிடிப்பதுதான் அந்த விளையாட்டு.

மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபியிலிருந்து இன்னொரு சம்பவம். 2017 மலேசியப் பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த லோரென்சோவின் மீட்டரில் 'மேப்பிங் 8' என்ற என்ஜின் அமைப்புக்கு மாறும்படி ஒரு பரிந்துரை தோன்றியது. சாம்பியன் பட்டப் போட்டியில் இருந்த அணித்தோழர் டோவிட்சியோசோவுக்கு வழிவிடுமாறு சொல்லும் குறிப்பு அது என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். தாம் அதைப் பார்க்கவில்லை என்றார் லோரென்சோ. மீட்டரில் இருக்கும்வரை பார்க்காமலிருக்கும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு. கண்ணுக்குள்ளேயே எழுதிவிட்டால் அணி நிர்வாகத்தின் ஒவ்வோர் ஆணையும் ஓட்டுநரின் பார்வையின் நடுவில் வந்து நிற்கும். எதைக் காட்டலாம் என்ற பட்டியல் அணிகளின் கையில் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வளைவு:

தொடக்கத்தில் எழுதிய நான்கு தகவல்களில் மூன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொடிமேடை எழுதியதைப் படித்த இரவில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

இனி எந்தத் தடத்திலும் அணியப்போவதில்லை என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய ஹெல்மெட் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் இடது கன்ன மெத்தையின் விளிம்பில் மஞ்சள் எல்இடி ஒன்றை, மேலே மெழுகுத்தாள் மூடி, ஒட்டினேன். அதை அணிந்து சிமுலேட்டரில் உட்கார்ந்தேன். விளையாட்டில் மஞ்சள் கொடி வரும்போது எல்இடி எரியுமாறு இணைத்திருந்தேன். வில்லை இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, எழுத்தும் இல்லை. நேராகப் பார்த்தால் அந்த விளக்கு தெரியாது. கடைக்கண்ணில் ஒரு மஞ்சள் படர்வு மட்டும் வரும். மெழுகுத்தாள் இல்லாமல் முதலில் ஒட்டியபோது அது ஊசிபோல் குத்தியது; தாள் மூடிய பிறகு, அறையின் விளக்கை யாரோ மாற்றியதுபோல் மென்மையாக இருந்தது. முதல் முறை எரிந்தபோது நான் எதையும் படிக்கவில்லை. ஆனால் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்துவிட்டிருந்தது. கண் வளைவின் உட்புறத்திலிருந்து விலகவே இல்லை.

கடைக்கண் எழுத்தைப் படிக்காது. ஒளி மாறுவதை உடனே உணரும். ஒளிக்கோணம் சொன்ன அதிர்வும் இங்கே தடையில்லை, ஏனெனில் கலங்குவதற்கு இதில் வடிவமே இல்லை. புறஓடு கேட்ட இரண்டு கிராமும் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். சிமுலேட்டரில் வெயிலும் இல்லை, 5 ஜி விசையும் இல்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

ஒளிக்கோணம்:

ஒளியியல் அடிப்படையில் இது சரியான திசை. நிறங்களை மட்டும் யோசிக்க வேண்டும். கடைக்கண்ணுக்கு நிறத்தைப் பிரித்தறியும் திறன் குறைவு. மஞ்சளையும் சிவப்பையும் நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல், நிலையாக எரிவது ஒன்று, விட்டுவிட்டு எரிவது மற்றொன்று என்று அமைப்பது பாதுகாப்பானது. தகவலைக் குறைத்துக் காட்டுவதற்கு நல்ல முன்னுதாரணம் ஏற்கெனவே உண்டு. 2013-இல் கொர்வெட் அணி தன் பந்தயக் காரில் பின்புற ரேடாரைப் பொருத்தியபோது, பின்னால் வரும் காரின் வேகத்தை எண்ணாகக் காட்டவில்லை. நெருங்கும் விரைவுக்கேற்ப நிறம் மாறும் அம்புக்குறியாகக் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980-இல் நாசா ஆய்வாளர்கள் விமானிகளைச் சிமுலேட்டரில் ஹெட்-அப் டிஸ்பிளேயுடன் தரையிறங்கச் செய்தபோது, ஓடுதளத்தில் குறுக்கே நின்ற இன்னொரு விமானத்தைச் சிலர் காணவே இல்லை. கண் அதே திசையில்தான் இருந்தது. கவனம் மட்டும் எண்களிடம் போயிருந்தது. பார்வை தடத்தில் இருப்பதும் கவனம் தடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஒற்றை விளக்கில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதே உங்கள் யோசனையின் வலிமை.

கொடிமேடை:

எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி உறங்கவிடாமல் செய்கிறது. ஒரு பருவம் முழுவதும் அந்த விளக்கு தவறாமல் எரிந்து, ஓட்டுநர் அதற்குப் பழகிவிட்டார் என்று வையுங்கள். பிறகு ஒரு நாள் கம்பி அறுந்து, விளக்கு எரியவில்லை. நான் கொடி வீசிக்கொண்டிருக்கிறேன். விளக்கு எரியாததையே 'தடம் சரியாக இருக்கிறது' என்று அவர் எடுத்துக்கொண்டால்?

முதல் வளைவு:

அதை நான் சோதிக்கவில்லை. நேற்றுவரை கொடி வந்தபோதெல்லாம் என் விளக்கு எரிந்தது. இந்த வாரம் நண்பர் ஒருவரை உட்காரவைத்து, முதல் நாற்பது சுற்றுகளுக்கு விளக்கை ஒழுங்காக எரியவிட்டு, அதன்பிறகு அவருக்குச் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொடியை மட்டும் வரச் செய்கிறேன். அவர் கால் எப்போது எழுகிறது என்பதைப் பதிவு செய்து இங்கேயே எழுதுகிறேன்.